சார்பட்டியா: சீனாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது

இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது கடையில் கிடைக்கும் புத்தகம் இல்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. தன் சொந்த ஆட்கள் படிப்பதற்காக 1992-ல் எழுதிவைத்த ஒரு வரலாறு. யூ-2, ஆக்ஸ்கார்ட் என்ற இரண்டு வேவு விமானத் திட்டங்களின் கதை, 1954 முதல் 1974 வரை. எழுதியவர்கள் கிரிகரி பெட்லோ, டொனால்ட் வெல்சன்பாக். 1998-ல் யூ-2 பகுதியை மட்டும் நிறைய மை பூசி வெளியிட்டார்கள். ஜெஃப்ரி ரிச்செல்சன் என்ற ஆய்வாளர் விடாமல் 2005-ல் மறுபடி மனுப் போட்டு, எட்டு வருஷம் காத்திருந்து, 2013 ஆகஸ்டில் பெரும்பகுதி மை நீங்கிய பிரதியை வாங்கினார். இணையத்தில் இலவசமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அது வந்தபோது உலகம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசினார்கள்: ஏரியா 51. நெவாடா பாலைவனத்தில் அப்படி ஒரு இடம் இருப்பதை அமெரிக்க அரசு முதல்முறையாக வாய்விட்டு ஒப்புக்கொண்டது என்று. நம்மூர் யூடியூப் சேனல்களும் வேற்றுகிரகவாசி படத்தை முகப்பில் போட்டு ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அதே ஆவணத்தில் இந்தியாவைப் பற்றிச் சில பக்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலச் செய்தித்தாள்களில் இரண்டு நாள் வந்தது, அப்புறம் போய்விட்டது. எனக்கு அந்தச் சில பக்கங்கள்தான் முக்கியம். ஆனால் அதற்கு முன்னால் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பி.இ. படித்த புத்தி.

யூ-2 அடிப்படையில் எஞ்சின் வைத்த கிளைடர். 80 அடி இறக்கை, ஒற்றை எஞ்சின், ஒரே விமானி, சைக்கிள் மாதிரி முன்னும் பின்னும் சக்கரம். 70,000 அடி உயரத்தில் பறக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்று அவ்வளவு மெலிசு. கொஞ்சம் மெதுவாகப் போனால் தூக்குவிசை போய் விழும், கொஞ்சம் வேகமாகப் போனால் அதிர்ந்து உடையும். இரண்டுக்கும் நடுவில் சில நாட் வேக இடைவெளிதான். அந்தக் கயிற்றின் மேல் ஒரு மனிதன் எட்டு மணி, பத்து மணி நேரம் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். லாக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜான்சன் குழு இதை ஒன்பது மாதத்துக்குள் பறக்க வைத்தது. முதல் தவணைப் பணம் பன்னிரண்டரை லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். அதற்கான காசோலையை ஜான்சனின் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பினார்களாம். கம்பெனிக்கு அனுப்பினால் கணக்குப் பிள்ளைகள் கண்ணில் படும் என்று.

இன்னொன்று. அந்த உயரத்தில் சாதாரண விமான எரிபொருள் ஆவியாகிப் போகும். ஷெல் நிறுவனம் தனியாக ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. அதற்கு வேண்டிய மூலப்பொருளும் 'ஃபிளிட்' பூச்சிமருந்துக்கு வேண்டிய மூலப்பொருளும் ஒன்று. அதனால் 1955 கோடையில் அமெரிக்கா முழுக்க ஃபிளிட் தட்டுப்பாடு. நம் வீடுகளிலும் கைப்பம்பில் ஊற்றி மூட்டைப்பூச்சிக்கு அடித்த அதே ஃபிளிட்தான். கடைக்காரரிடம் 'ஏன் சரக்கு வரல' என்று கேட்ட அமெரிக்கக் குடும்பத் தலைவிக்கு விடை கிடைக்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இந்த மாதிரி விவரங்களுக்காகவே இந்த வரலாற்றை எழுதிய இருவருக்கும் ஒரு வணக்கம் போடலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் போட முடியாது. பறக்கும் தட்டு சம்பந்தமான பகுதியைப் பாருங்கள். 1950-களில் பயணிகள் விமானங்கள் பத்து, இருபதாயிரம் அடியில் பறந்தன. மாலை நேரத்தில் கீழே இருட்டு. மேலே 60,000 அடியில் இருக்கும் யூ-2-வின் வெள்ளி இறக்கையில் மட்டும் இன்னும் வெயில் பட்டு நெருப்பாக மின்னும். பார்த்த விமானிகள் பயந்து புகார் எழுதினார்கள். புகார்களை விசாரித்த 'புளூ புக்' திட்டத்தார் யூ-2 பயணப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விடை தெரிந்தாலும் எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். இதுவரை நம்பும்படி இருக்கிறது. அடுத்த வரி, அந்தக் கால பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் எங்கள் விமானங்கள்தான் என்கிறது. எந்தப் பட்டியல்? எத்தனை புகார், எத்தனை பயணம்? ஒரு அட்டவணை கிடையாது. புளூ புக் கணக்கிலேயே புகார்கள் உச்சத்துக்குப் போன வருஷம் 1952, 1,501 புகார்கள். யூ-2 முதலில் பறந்தது 1955 ஆகஸ்டில். மக்கள் வானத்தைப் பார்த்து மிரள ஆரம்பித்ததற்கும் யூ-2-வுக்கும் சம்பந்தமில்லை. 2014-ல் சி.ஐ.ஏ. தன் ட்விட்டர் கணக்கில் 'அது நாங்கதான்' என்ற தோரணையில் பெருமையாகப் போட்டுக்கொண்டது. ரகசியத்தைத் திறக்கிறவர் சொல்வதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு பக்கம் போதும். கதவைத் திறக்கிறவர்தான் எந்த அறையைக் காட்டுவது என்றும் முடிவு செய்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

யூ-2 சோவியத் வானத்துக்குள் முதலில் நுழைந்தது 1956 ஜூலை 4. அவ்வளவு உயரத்தில் ரேடாரில் சிக்காது என்று நம்பித்தான் அனுப்பினார்கள். முதல் பயணத்திலேயே சிக்கியது. ஜூலை 10-ம் தேதி சோவியத் அரசு எதிர்ப்புக் கடிதமே கொடுத்துவிட்டது. ஆக, யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவனுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. சுட்டு வீழ்த்த முடியவில்லை என்ற அவமானத்தால் அவனும் ஊரறியச் சொல்லவில்லை. இவனும் சொல்லவில்லை. நாலு வருஷம் இரண்டு எதிரிகளும் சேர்ந்து காப்பாற்றிய ரகசியம் அது. தெரியாமல் இருந்தவர்கள் இரண்டு நாட்டு மக்கள் மட்டும். 1960 மே 1-ல் கேரி பவர்ஸின் விமானம் விழுந்த பிறகும், அது வானிலை ஆராய்ச்சி விமானம் என்று நாசா பேரில் அறிக்கை விட்டார்கள். வாலில் நாசா என்று எழுதிய ஒரு யூ-2-வைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டவும் செய்தார்கள். விமானி உயிரோடு பிடிபட்டிருக்கிறான் என்று குருசேவ் சொன்னதும் மானம் போயிற்று.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இந்தியப் பக்கங்களுக்கு வாருங்கள்.

1962 அக்டோபர் 20 சீனப் படையெடுப்பு. இந்தியா அமெரிக்காவிடம் ஆயுத உதவி கேட்டது. எல்லையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்காமல் எதைக் கொடுப்பது என்றார்கள் அமெரிக்கர்கள். தூதர் கால்பிரெய்த்தும் அதையே பரிந்துரைத்தார். நவம்பர் 11-ம் தேதி நேரு அனுமதி கொடுத்தார். விமானங்கள் தாய்லாந்தின் தாக்லி தளத்திலிருந்து கிளம்பின. முதல் பயணம் டிசம்பர் 5. போர் நிறுத்தம் ஏற்கெனவே நவம்பர் 21-ல் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். எடுத்த படங்கள் நடந்த சண்டைக்கு உதவவில்லை. 1963 ஜனவரியில் இன்னும் நாலு பயணம். அதற்குச் சீனா இந்தியாவிடம் எதிர்ப்புத் தெரிவித்தது.

அதாவது சீனாவுக்குத் தெரியும்.

அந்தப் படங்களை ஜனவரியிலும் மார்ச்சிலும் நேருவுக்குக் காட்டி விளக்கினார்கள். அவர் நாடாளுமன்றத்தில் எல்லையில் சீனப் படை நடமாட்டம் பற்றிப் பேசினார். தகவல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. யு.பி.ஐ. செய்தி நிறுவனம் இது யூ-2 வேலையாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதிவிட்டது. ஆக, பத்திரிகைக்காரனும் மோப்பம் பிடித்தாயிற்று. நாடாளுமன்றத்துக்கு மட்டும் அதிகாரபூர்வமாகத் தெரியாது.

அமெரிக்கா இதை ஏன் செய்தது என்பதையும் ஆவணம் ஒளிக்காமல் சொல்கிறது. ஒன்று, எல்லை நிலவரம் அவர்களுக்கும் வேண்டும். இரண்டாவது, சோவியத்தின் சாரி ஷகன் ஏவுகணைத் தடுப்புச் சோதனைத் தளத்தை மின்னணு முறையில் வேவு பார்க்க இந்தியாவில் ஒரு தளம் வேண்டும். அதற்கு இது முன்னோட்டம். 1963 ஏப்ரலில் முறையாகக் கேட்டார்கள். ஜூன் 3-ம் தேதி அதிபர் கென்னடி நம் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனைச் சந்தித்தபோது பேச்சு முடிந்தது. திருத்தணிக்காரர், வருஷா வருஷம் ஆசிரியர் தினத்தில் நாம் மாலை போடுகிற அதே ராதாகிருஷ்ணன். தளத்தின் பெயர் சார்பட்டியா. ('சார்பட்டா பரம்பரை' இல்லை. நானும் தேடும்போது முதலில் அந்தப் படம்தான் வந்தது.) 'கல்கத்தாவுக்குத் தெற்கே' என்கிறது ஆவணம். உண்மையில் ஒடிசாவில், கட்டாக் பக்கம். சேத்தியாத்தோப்பு எங்கே என்று கேட்டால் சென்னைக்குத் தெற்கே என்று சொல்கிற மாதிரி.

இரண்டாம் உலகப் போரில் போட்டு, அப்புறம் கைவிட்ட ஓடுதளம் அது. அப்படிப்பட்டவை நம்மூர்ப் பக்கமும் உண்டு, உளுந்தூர்பேட்டையில் ஒன்று இருக்கிறது. சார்பட்டியாவைச் சீர்செய்ய நேரம் எடுத்தது. அதுவரை தாக்லியிலிருந்தே பறந்தார்கள். ஒரு பயணம் 11 மணி 45 நிமிஷம் நீடித்து, விமானி துவண்டுபோய், இனிமேல் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று விதி போட்டார்கள். கடைசியில் 1964 மே 24-ல் சார்பட்டியாவிலிருந்து முதல் பயணம். மூன்றாம் நாள், மே 27, நேரு இறந்தார். விமானமும் விமானிகளும் கிளம்பிப் போனார்கள். டிசம்பரில் எல்லையில் மறுபடி பதற்றம் வந்தபோது திரும்பி வந்து மூன்று பயணம். 1967 ஜூலையில் தளத்தை மூடிவிட்டார்கள். இவ்வளவுதான் கதை. சில பக்கம்.

யூ-2 சார்பட்டியாவில் இருந்ததை கென்னத் கான்பாய், ஜேம்ஸ் மாரிசன் போன்றவர்கள் முன்பே எழுதியிருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஒரு அரசு தன் கையெழுத்தோடு சொன்னது 2013-ல். அதுவும் நம் அரசு இல்லை.

இதில் நேருவைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. அணிசேராக் கொள்கையை உலகமெங்கும் பேசிவந்த நாடு. சோவியத்திடம் மிக்-21 வாங்க ஒப்பந்தம் பேசியிருந்த நேரம். அதே சோவியத்தை வேவு பார்க்க அமெரிக்காவுக்கு ஓடுதளம் கொடுத்தோம் என்று 1963-ல் யார்தான் மேடையில் சொல்வார்கள்? எல்லையில் அடி வாங்கிய ஆறே மாதத்தில் நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

ஆனால் அந்த வருஷங்களில் மற்றவர்கள் என்ன கொடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேசியப் பாதுகாப்பு நிதிக்கு ஊர் ஊராகப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் என் அப்பாவின் அம்மா ஒரு மோதிரம் கொடுத்ததாகச் சொல்வார்கள். இருந்ததே இரண்டோ மூன்றோ. அதைவிடப் பெரியது ஒன்று. தி.மு.க. தன் பிறப்புக் கோரிக்கையான திராவிட நாட்டை இந்தப் போரை ஒட்டித்தான் கைவிட்டது. விலைவாசிப் போராட்டத்துக்காக வேலூர்ச் சிறையில் இருந்த அண்ணா, வெளியே வந்ததும் போருக்கு ஆதரவு என்றார். 1963 அக்டோபரில் பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் 16-வது அரசியல் சட்டத் திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. அதே அண்ணா அப்போது மாநிலங்களவை உறுப்பினர். நாட்டுக்காக ஒரு கட்சி தன் முதல் கொள்கையையே விட்டுக்கொடுக்கலாம். அந்த நாடு யாருக்கு ஓடுதளம் கொடுத்திருக்கிறது என்று அந்தக் கட்சியின் தலைவருக்கு நாடாளுமன்றத்தில் தெரிய வழியில்லை. 1963-ல் சொல்லியிருக்க வேண்டாம். 1983-ல்? 2003-ல்? அண்ணா போய், நகை கொடுத்தவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு வாஷிங்டனிலிருந்து பி.டி.எஃப். வந்தது.

1998 பிரதியையும் 2013 பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். ஆபீசில் பழைய கோடையும் புது கோடையும் ஒப்பிடுகிற மாதிரி. இதை யாரும் செய்யலாம், செய்து பாருங்கள். எஞ்சின், உயரம், கேமரா, எரிபொருள், விபத்துகள் எல்லாம் 1998-லேயே பெரும்பாலும் வந்துவிட்டன. அதற்கப்புறமும் பதினைந்து வருஷம் மைக்கு அடியில் கிடந்தவை பெரும்பாலும் பெயர்கள்: ஊர்ப் பெயர், விமானி பெயர், சங்கேதப் பெயர், கூட்டாளி நாட்டின் பெயர். பிரிட்டன், தைவான், இந்தியா. தொழில்நுட்பத்தைவிட, 'யார் கூட இருந்தார்கள்' என்பதுதான் கடைசிவரை ரகசியம். நண்பனைத் தர்மசங்கடப்படுத்தக் கூடாதாம். அந்த நண்பன் என்பது நம் அரசு. நாம் அதில் சேர்த்தி இல்லை.

இந்த ஆவணத்தின் பெரிய குறையும் இங்கேதான். இந்தியத் தரப்பில் இரண்டு பெயரைத் தவிர யாரும் இல்லை. அமைச்சரவையில் பேசினார்களா? யார் எதிர்த்தார்? சாரி ஷகன் விஷயம் தெரிந்துதான் ஒப்புக்கொண்டார்களா, சீன எல்லைக்கு என்று மட்டும் நினைத்தார்களா? இந்தக் கேள்விக்குச் சி.ஐ.ஏ. விடை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

எழுதத் தெரியாதவர்களும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே 1992-ல் நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவும் 1962 போரின் வரலாற்றை எழுதி முடித்தது. எழுதியவர்கள் சின்ஹா, அதலே. தலைமைப் பதிப்பாசிரியர் எஸ்.என். பிரசாத். இரண்டு அரசுகள், ஒரே வருஷம், உள் பயன்பாட்டுக்கு இரண்டு வரலாறுகள். அவர்களுடையது மனுப் போட்டு, சண்டை போட்டு வெளியே வந்தது. நம்முடையது கசிந்து இணையத்தில் உலவுகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம், ஆனால் அரசு வெளியிட்ட நூலாக அது இல்லை. தோல்விக்குக் காரணம் ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கையின் கதையும் தெரிந்ததுதான். அந்த அறிக்கை இன்றைக்கும் போர்த்திட்ட மதிப்பு உள்ளது என்று 2010-ல் அமைச்சர் ஏ.கே. அந்தோணி சொன்னார். 2014-ல் நெவில் மாக்ஸ்வெல் தன்னிடமிருந்த பகுதியை இணையத்தில் போட்டார். எதிர்க்கட்சியில் இருந்தபோது வெளியிடச் சொன்ன அருண் ஜெட்லி, அதே வருஷம் பாதுகாப்பு அமைச்சராகி, வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்றார். கட்சி மாறினாலும் பூட்டு ஒன்றுதான்.

சொன்னால் வானம் இடிந்து விழுமா என்றால், ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 1965-ல் நந்தா தேவி மலையில் சீன அணு சோதனையைக் கண்காணிக்க சி.ஐ.ஏ.வும் நம் உளவுத்துறையும் சேர்ந்து அணு மின்கலம் வைத்த கருவியைக் கொண்டுபோய், பாதி வழியில் விட்டுவிட்டுவந்து, தொலைத்தார்கள். 1978-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அதை எழுதியதும், பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆமாம், முந்தைய அரசுகள் செய்தன என்று சொன்னார். பதின்மூன்றே வருஷத்தில். ஒன்றும் ஆகவில்லை. என்ன, அதற்கும் ஒரு அமெரிக்கப் பத்திரிகை தேவைப்பட்டது.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, போட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கலாம். அதன் 8(3) பிரிவு இருபது வருஷம் கடந்த தகவலைக் கொடுக்கச் சொல்கிறது, பாதுகாப்பு போன்ற சில விலக்குகளோடு. நல்ல பிரிவு. ஆனால் சார்பட்டியாவைப் பின்னால் தலைமைத் தளமாக வைத்துக்கொண்டது ஏவியேஷன் ரிசர்ச் சென்டர் என்ற அமைப்பு. 24-வது பிரிவும் இரண்டாவது அட்டவணையும் அந்த அமைப்பைப் பெயர் சொல்லியே சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டன. ஊழல், மனித உரிமை மீறல் புகார் என்றால்தான் உள்ளே நுழையலாம். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஓடுதளம் இரண்டிலும் சேராது.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு நல்ல காரியம் செய்தது. போர் வரலாறுகளைக் குறித்த காலத்தில் எழுதி முடிப்பது, பழைய பதிவேடுகளைச் சாதாரணமாக 25 வருஷத்தில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிப்பது என்று கொள்கை அறிவித்தார்கள். கார்கில் போருக்குப் பின் நம் திருச்சிக்காரர் கே. சுப்ரமணியம் தலைமையிலான குழு கேட்டது இதைத்தான். இருபது வருஷம் கழித்தாவது வந்தது. அறிவிப்பைப் படித்ததும் சார்பட்டியா கோப்புக்கு வழி பிறந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கொள்கை பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ் இருக்கும் அமைப்புகளுக்கு. ஏவியேஷன் ரிசர்ச் சென்டர் இருப்பது அமைச்சரவைச் செயலகத்துக்குக் கீழே.